வயிற்று வலிக்கு வாய்ப் பயிற்சி

நூலின் முகப்பில் கடவுளை வாழ்த்துவது மரபு. மருத்துவமனையின் முகப்பில் வாயிற்காவலரை வாழ்த்துவது அதனினும் உறுதியான மரபு. இறைவன் வாழ்த்தாதவர்க்கும் மழை தருவான். வாயிற்காவலர் வாழ்த்தாதவர்க்கு வரிசையில் இடம்கூடத் தருவதில்லை. ஆகவே அவரை முதற்கண் வணங்கி, பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் வயிற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சென்று, முழங்கையைப் பற்றிப் பேசத் தகுதி பெற்ற வரலாற்றைத் தொடங்குவோம்.

ஓட்டுநர் நல்லவர். அவருடைய வயிற்றுக்கு மட்டும் அந்தக் குணம் வாய்க்கவில்லை. பேருந்து நிற்க வேண்டிய இடங்கள் நிறுத்தங்களின் பலகையில் எழுதப்பட்டிருந்தன; பலகையில் எழுதப்படாத நிறுத்தங்கள் பலவற்றை அவருடைய வயிறு அறிந்திருந்தது. நூலகம், பெட்ரோல் நிலையம், கட்டி முடியாத திரையரங்கு என, உள்ளே தாழிடக்கூடிய ஒரு கதவு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வண்டி நின்றது. பயணிகள் முதலில் சினந்தார்கள், பிறகு பழகினார்கள், நாளடைவில் சிலர் அந்த நிறுத்தங்களில் ஏறவும் தொடங்கினார்கள்.

அதே வண்டியின் நடத்துநர் அவருடைய மனைவியின் தம்பி. ஓட்டுநர் இறங்கி ஓடும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று, "வண்டி சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்" என்று அறிவிப்பார்.

"சூடானது வண்டியா, டிரைவரா?" என்பார் பின்னிருக்கையில் ஒருவர்.

"ரெண்டும் ஒரே கம்பெனி தானே, உட்காருங்க."

செய்தி பணிமனை மேலாளர் வரை சென்றது. அவர் ஓட்டுநரை அழைத்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "இன்னொரு தடவை நடுவழியில நின்னீங்கன்னா உங்களை டெப்போ கேட் வேலைக்கு மாத்திடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பார்த்து, உங்களுக்கு என்னன்னு அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. அவர் சொன்னா நான் கேக்கறேன்."

பிறர் ஓட்டும் வண்டிக்குக் கதவு திறந்துவிட்டு, அது புகை கக்கிச் செல்வதைப் பார்த்து நிற்கும் வாழ்வை ஓட்டுநர் எண்ணிப் பார்த்தார். அன்று வயிற்றோடு நெஞ்சும் கலங்கியது.

மனைவி தையற்காரி. கணவருடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்பை மீண்டும் மீண்டும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே பிடிக்க இதுல துணி இல்ல. ரொட்டி சாப்பிட்ட அன்னிக்கு ஓடுறீங்க. சோறு சாப்பிட்ட அன்னிக்கு மனுஷனா உட்கார்ந்திருக்கீங்க. கோதுமை ஒத்துக்காத ஒரு நோய் இருக்காம். சீலியாக்னு பேரு. என்கிட்ட தைக்கக் குடுக்கிற அம்மாவோட பொண்ணுக்கு இருக்கு. ரத்தம் பார்த்துச் சொல்லிடுவாங்களாம்."

"டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

"வாயால."

எளிய விடை, ஆனால் அவள் அந்த மருத்துவமனையைப் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அவரைக் காண்பதற்கு முன் 'மருத்துவரைக் காணுமுன் ஆயத்தத் துறை' என்ற ஒன்றைக் கடக்க வேண்டும். ஒரு காலத்தில் அது மருத்துவர் அறையின் வாசலில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியுமாகப் பிறந்தது. பிறகு அந்த மேசை அறையாயிற்று, அறை தளமாயிற்று, தளத்தின்மேல் தளம் எழுந்தது. துறை வளர வளர மருத்துவரின் அறை ஒதுங்கி ஒதுங்கி, மாடிப்படியின் அடியில் துடைப்பங்களுக்கு அண்டை வீடாக அமைந்தது.

புதிதாக வந்தவர்களைத் துறைத் தலைவர் ஒரு கூடத்தில் அமர்த்தி வரவேற்றார். அகன்ற நெற்றி, அதனினும் அகன்ற மேசை.

"அன்பர்களே, நோயால் மாண்டோர் உலகில் உண்டு. ஆனால் நோயைச் சொல்லத் தெரியாமல் சொல்லி மருத்துவரின் நேரத்தை மாய்த்தோர் அவர்களினும் பலர். 'வயித்துல என்னமோ பண்ணுது' என்பார்கள். அந்த 'என்னமோ' என்ற சொல்லை வேரறுக்கப் பிறந்ததே இத்துறை. நாங்கள் தோன்றுவதற்கு முன், இந்த மருத்துவர் நாள்தோறும் கூட்டங்கூட்டமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அந்த இழிநிலை இல்லை. நேற்று அவர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவருடைய நேரத்தைச் சேமித்திருக்கிறோம்."

கூடம் கைதட்டியது. கைதட்டும் வலிமை இல்லாதவர்கள் தலையசைத்தார்கள்.

"மாமா," என்று நடத்துநர் கிசுகிசுத்தார். துணைக்கு ஒருவர் வரலாம் என்று விதி இருந்ததால் அவரும் வந்திருந்தார். "நம்ம டெப்போவிலயும் இப்படி ஒரு டிபார்ட்மென்ட் வச்சா, பயணிகளே இல்லாம வண்டி ஓட்டலாம்."

முதல் வகுப்பு சொல்லாசிரியையினுடையது. நோயைத் தகுதியான சொற்களில் உரைக்கப் பழக்குவது அவர் பணி. மூச்சிரைப்போடு வந்திருந்த ஓர் அம்மாவை அவர் முதலில் எழுப்பினார்.

"எனக்கு மூச்சு வாங்குதும்மா."

"அப்படிச் சொல்லக் கூடாது. 'காற்று என்னிடம் தாமதமாக வந்து சேர்கிறது' என்று சொல்லுங்கள்."

அந்த அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் காற்று இன்னும் தாமதமாயிற்று. அடுத்து ஓட்டுநர்.

"எனக்கு அடிக்கடி போகுது, மேடம்."

"எது போகிறது? எங்கே போகிறது?"

"வயித்தால..."

சொல்லாசிரியை கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களோடே திருத்தம் வந்தது: "என் உட்புறம் என்னைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுக்கிறது."

ஓட்டுநர் திருப்பிச் சொன்னார். சொல்லச் சொல்ல அது தம் வயிறே இல்லை, யாரோ ஒரு மேலதிகாரி என்று அவருக்குத் தோன்றியது.

"வேறு குறிகள் உண்டா?"

"வாயெல்லாம் புண்ணு வருது மேடம். காலையில எழுந்திரிக்கும்போதே ஒரு நாள் வேலை செஞ்ச மாதிரி அசதி. முழங்கையில பொரிப்பொரியா வந்து அரிக்குது."

சொல்லாசிரியை எச்சரிக்கையாக நிமிர்ந்தார். "இங்கே ஒருவருக்கு ஒரு குறி என்பதே விதி. நான்கைச் சொன்னால் மருத்துவர் நான்கையும் சேர்த்து யோசிக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஆபத்துக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது." சற்றே ஆராய்ந்து தீர்ப்பளித்தார்: "வயிறு அவைக்கு ஆகாது. வாய் பேசுவதற்குத் தேவை. அசதி எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. முழங்கை ஒழுக்கமான உறுப்பு. உங்களுக்கு முழங்கை."

"வண்டியை நிறுத்துறது முழங்கை இல்லையே மேடம். வயிறுதானே."

"வயிற்றுக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்."

இவ்வாறாக, கோதுமையால் கலங்கிய குடல் ஒன்று, துறையின் அருளால் அரிக்கும் முழங்கையாகப் பிறவி மாறியது.

வகுப்புகளுக்குப் பின் ஒத்திகை. ஒத்திகைக்கென்று ஒரு மருத்துவர் இருந்தார். முன்பு ஆடைக் கடையில் கோட்டு விற்றவர். வெள்ளை அங்கி அவருக்குப் பொருந்தியதுபோல் மெய்யான மருத்துவர் எவருக்கும் பொருந்தியதில்லை. அவர் பேசுவதெல்லாம் இரண்டே சொற்கள்: ஒன்று "ம்", மற்றொன்று "எப்பலேர்ந்து". அந்த "ம்" ஒலியின் ஆழத்தில் தலைவலி நீங்கி, பயிற்சி முடிவில் தரும் சான்றிதழும் வேண்டாமென்று வீடு திரும்பியோர் உண்டு.

பசித்தவர் குரலில் உணர்ச்சி கலந்துவிடும் என்பதால், ஒத்திகைக்கு முன் ஆளுக்கொரு பன் உண்ண வேண்டும் என்பது துறையின் கட்டளை. ஓட்டுநர் உண்டார். ஒத்திகை அறைக்குள் விதிப்படி வலக்காலை முன்வைத்து நுழைந்தார், விதிப்படி நாற்காலியின் பாதியில் அமர்ந்தார், "டாக்டர், என் முழங்..." என்றார். அதற்குள் அடிவயிற்றில் முரசறைந்தது. எழுந்தார், ஓடினார்.

மருத்துவர் விடைகொடுக்கும் முன் எழுந்தமைக்காகத் தோல்வி.

மறுமுறையும் பன், மறுமுறையும் முரசு, மறுமுறையும் தோல்வி. சில முறை 'மு' வரைக்கும் வந்தார். ஒரு முறை அறைக்குள் வரவே இல்லை. கடைசியில் ஒத்திகை மருத்துவருக்கே மனம் பொறுக்கவில்லை. தாழ்வாரத்தில் ஓட்டுநரை நிறுத்தி, அங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. உங்களுக்கு முழங்கை இல்ல சார். வயித்துலதான் ஏதோ இருக்கு. நல்ல டாக்டரா பார்த்துக் காமிங்க."

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"இங்க இல்ல சார். டாக்டர்கிட்ட."

அன்று மாலை நடத்துநர் வழி கண்டார். "மாமா, பன்னை வாயில போடாதீங்க, என் டிக்கெட் பையில போடுங்க. வீட்டுலயும் கொஞ்ச நாள் ரொட்டியை மறங்க. பாஸாகிட்டு அப்புறம் பார்ப்போம்."

ஓட்டுநர் அவ்வாறே செய்தார். சில நாளில் அவர் வயிறு, புயல் கடந்த கடல்போல் அடங்கியது. ஒத்திகையில் நாற்காலியின் பாதியில் அசையாமல் அமர்ந்து, முழங்கையைப் பற்றி முழுமையாக உரைத்து, "ம்" கேட்டு, "எப்பலேர்ந்து" கேட்டு, வெற்றியோடு வெளிவந்தார். எஞ்சியது துறைத் தலைவரின் இறுதிச் சரிபார்ப்பு.

"முழங்கை எப்படி இருக்கிறது?"

"முன்னைக்கு இப்ப பரவாயில்ல சார். வயிறும்கூட நல்லா..."

துறைத் தலைவரின் முகம் இருண்டது. "பரவாயில்லையா? பரவாயில்லாத நோயோடு மருத்துவர் முன் நிற்பதா? பயிற்சி முடியும் வரை நோயைப் பேணிக் காப்பது நோயாளியின் கடமை. அதில் நீங்கள் தவறிவிட்டீர்கள். நோயோடு வாருங்கள்."

நடத்துநர் டிக்கெட் பையைத் திறந்தார். அன்றைய பன் அதில் இருந்தது. "சாப்பிடுங்க மாமா. விதி."

அன்று தொடங்கிய பன், காலையும் மாலையும் தொடர்ந்தது. ஓட்டுநரின் முகம் வெளிறியது, வாய் புண்ணாயிற்று, முழங்கை சிவந்தது. அவரைக் கண்ட துறைத் தலைவர் மகிழ்ந்து, "நன்று. இப்போதுதான் உங்களிடம் முன்னேற்றம் தெரிகிறது" என்று கூறி, நிறைவு விழாவுக்கு அனுமதித்தார்.

இதற்குள் ஓட்டுநரின் விடுப்பு தீர்ந்துபோயிருந்தது. விழாவின் மறுநாள் காலை, ஒன்று மருத்துவரின் சொல்லோடு ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்ப வேண்டும். அல்லது பணிமனைக் கதவடியில் நிற்க வேண்டும்.

விழா மண்டபத்தில் மேடை அமைத்து விளக்கேற்றியிருந்தார்கள். நடுவில், உயர்ந்த நாற்காலியில், மெலிந்த மனிதர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கோட்டுப் பையிலிருந்து இதயத்துடிப்பு கேட்கும் கருவியின் நுனி எட்டிப் பார்த்தது, வாசிப்பார் அற்ற இசைக்கருவிபோல. அவர்தாம் மருத்துவர்.

"இவர் ரூமுக்கு எப்ப போவார்?" என்று ஓட்டுநர், பக்கத்திலிருந்த ஒத்திகை மருத்துவரைக் கேட்டார்.

"சான்றிதழ் குடுத்து முடிச்சதும்."

"எப்ப முடிப்பார்?"

"ஆயத்தமானவங்க தீர்ந்ததும். தினமும் விழா, தினமும் புதுசா ஆயத்தமானவங்க. அவங்க தீர்றதே இல்லையே சார். அவரும் பாவம், காலையில வந்து உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் கை குலுக்கிட்டே இருக்கார்."

ஒலிபெருக்கியில் துறைத் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார்: "இந்த மாமனிதர் ஒரு காலத்தில், யாரென்று அறிவாரின்றி, ஓர் அறைக்குள் நோயாளிகளோடு நோயாளியாக முடங்கிக் கிடந்தார். அங்கிருந்து அவரை மீட்டு, இந்த மேடையில் அமர்த்தியது நம் துறை. நோயாளிகளின் தொல்லை அறவே நீங்கிய மருத்துவர் உலகில் இவர் ஒருவரே."

ஓட்டுநருடைய முறை வந்தது. வலக்கையால் கைகுலுக்க வேண்டும். இடக்கையால் சான்றிதழ் பெற வேண்டும். புகைப்படக்காரரைப் பார்த்து முறுவலிக்க வேண்டும். "நன்றி" என்று கூறி இறங்க வேண்டும். சான்றிதழில், 'முழங்கை அரிப்பை உரைக்கத் தகுதியுடையவர்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்.

மருத்துவரின் கை அவர் கைக்குள் வந்தது. குளிர்ந்த, களைத்த கை. எதிரே மண்டபம், அதற்கு அப்பால் பணிமனையின் இரும்புக் கதவு. ஓட்டுநர் அந்தக் கையை விடவில்லை.

"நன்றி சொல்லிட்டு இறங்குங்க," என்றார் புகைப்படக்காரர்.

"டாக்டர், ரொட்டி சாப்பிட்டா வயித்தால போகுது."

முன்வரிசையில் சொல்லாசிரியை காதுகளைப் பொத்திக்கொண்டார். மருத்துவர் மெல்ல நிமிர்ந்தார். அயல்நாட்டுத் தெருவில் யாரோ தம் தாய்மொழி பேசக் கேட்டவரைப்போல அவர் முகம் மலர்ந்தது.

"வேற?" என்றார்.

பயிற்சிக்காலத்தில் ஒரே ஒரு முறை, விடையை வெட்டிக் குறைப்பதற்காக மட்டும் கேட்கப்பட்ட சொல் அது. "வாயில புண்ணு டாக்டர்."

"வேற?"

"ஒரே அசதி. இடுப்புல பேன்ட் நிக்கல."

"வேற?"

"முழங்கை அரிக்குது. அதுக்குத்தான் சர்டிபிகேட் குடுத்திருக்காங்க."

மருத்துவர் ஓட்டுநரின் சட்டைக்கையைச் சுருட்டி முழங்கையைப் பார்த்தார். கீழிமையை விரலால் இழுத்து, அதன் வெளிறிய உட்புறத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து நீள மேசையிலிருந்த சான்றிதழ்க் கட்டுகளை ஒரே தள்ளாகத் தள்ளி, "இதுல படுங்க" என்றார்.

"மருத்துவர் அவர்களே," என்று ஒலிபெருக்கி பதறியது, "இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. அன்பர்களே, அமைதி. நோயாளி மேசையில் படுப்பதற்கு நாம் பயிற்சி அளித்ததில்லை."

"சார், மைக்கை அணைங்க," என்றார் மருத்துவர், கருவியைக் காதில் மாட்டிக்கொண்டே. "வயித்துச் சத்தம் கேக்கணும்."

ஒலிபெருக்கி அணைந்தது. துறை தோன்றிய நாள்முதல் அதுவே முதல் அமைதி. அந்த அமைதியில் ஓட்டுநரின் வயிறு, ஒரு திருத்தமும் இன்றி, தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தது.

"நீங்க சொன்னதெல்லாம் தனித்தனி இல்ல, ஒண்ணுதான்னு தோணுது," என்றார் மருத்துவர். "சீலியாக் நோயா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

"என் வீட்டுக்காரியும் அதைத்தான் டாக்டர் சொன்னா. இந்த நிமிஷத்திலேர்ந்து ரொட்டியைத் தொட மாட்டேன்."

"தொடணும். பரிசோதனை முடியற வரைக்கும் நிறுத்தவே கூடாது. நிறுத்திட்டா நோய் இருந்தும் ரத்தத்துல தெரியாம போயிடும். முடிவு தெரிஞ்சப்புறம் ஒரேயடியா விட்டுடலாம். நடுவுல நிறுத்தினீங்களா?"

"கொஞ்ச நாள். அப்புறம் இவங்கதான் மறுபடி சாப்பிட வச்சாங்க."

"எதுக்கு?"

"நோய் போதலைன்னாங்க."

மருத்துவர் ஓட்டுநரிடம், "உங்க டெப்போவுக்கு நானே பேசறேன். முடிவு வர்ற வரைக்கும் வண்டி வேண்டாம், கேட் வேலையும் வேண்டாம், வீட்டுல இருங்க" என்றார்.

வரிசையில் அடுத்து நின்றவர் மூச்சிரைக்கும் அந்த அம்மா. அவர் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மருத்துவரின் கையைத் தாமே எட்டிப் பிடித்தார். "ஐயா, எனக்கு மூச்சு வாங்குது." அவருக்குப் பின்னால் ஒருவருக்கு முதுகு, மற்றொருவருக்குக் கண். புகைப்படக்காரர் படப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, தமக்கும் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்றார். மருத்துவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, சட்டைக்கைகளை மடித்துக்கொண்டார்.

விசாரணை நடந்தது. எங்கே பிழை நேர்ந்தது என்று துறை ஆழ்ந்து ஆராய்ந்தது. பன்னில் பிழை இல்லை. விதியில் பிழை இல்லை. கைகுலுக்கலில் கையை விடுவதற்குரிய பயிற்சி போதவில்லை என்று தெளிவாயிற்று. அதற்கென்று புதிய வகுப்பும், வகுப்புக்கென்று புதிய தளமும் தோன்றின. ஓட்டுநரின் நோயை மேடையிலேயே வெளிப்படுத்தியது துறையின் தலையாய சாதனை என்று ஆண்டறிக்கையில் துறைத் தலைவர் எழுதினார். மருத்துவர் மறுநாளே மேடைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்.

இரத்தம் ஆம் என்றது. பின்னர்க் குழாய் வழியே குடலுக்குள் எட்டிப் பார்த்த கருவியும் ஆம் என்றது. மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்; மேலாளர் கேட்டார். ஓட்டுநர் கோதுமையை விட்டார். கோதுமையும் அவரை விட்டது. சில மாதங்களில் மனைவி கால்சட்டையின் பழைய தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். ஓட்டுநர் தம் இருக்கையில் மீண்டும் அமர்ந்து, எழுதப்பட்ட நிறுத்தங்களில் மட்டும் வண்டியை நிறுத்தினார்.

பரிசில் பெற்று மீள்பவன், எதிர்ப்படும் வறியவனுக்கு வழி சொல்வது பழம்புலவர் போற்றிய அறம். ஒரு முற்பகல், மருத்துவமனை நிறுத்தத்தில் முதியவர் ஒருவர் மார்பைப் பிடித்தபடி இறங்கினார். இறங்கியவர் முன்பக்கம் நடந்து வந்து, ஓட்டுநரின் சாளரத்தருகே நின்றார்.

"டாக்டரைப் பார்க்கணும் தம்பி. எப்படிப் போறது?"

நடத்துநர் விசில் ஊதவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். வண்டிக்குள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"உள்ள போங்க பெரியவரே. என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டுங்க. கடைசியில மேடையில ஒருத்தர் கை குடுப்பார்."

"குடுத்தா?"

"விட்டுடாதீங்க."